ஏழாம் எண் பயிற்சி அல்ல

மைக்கக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அடையாள அட்டையைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இல்லாததால் அது அங்கேயே சும்மா கிடந்தது. இருபத்திரண்டு வருஷமாக பஸ் நிலையத்தில், டிக்கெட் கவுண்டருக்குப் பக்கத்துக் கண்ணாடி அறையில் உட்கார்ந்து, "மூன்றாம் மேடையில் நிற்கும் பேருந்து இன்னும் ஐந்து நிமிடத்தில் புறப்படும்" என்று சொல்லிக்கொண்டிருப்பவருக்கு வேறு என்ன பெயர் நிலைக்கும்? அந்த ஐந்து நிமிடம் எப்போதும் பதினைந்து நிமிடம்தான் என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் அந்தக் குரலில் கேட்டால் நம்பத் தோன்றும். பஸ்ஸைத் தவறவிட்டவர்கள்கூட அந்தக் குரலைத் திட்ட மாட்டார்கள். டிரைவரைத்தான் திட்டுவார்கள்.

மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் மைக்கக்கா அந்த அறைப் பக்கம் போக மாட்டார். பச்சைச் சீருடை, பூட்ஸ், தோளில் இரண்டு பட்டை என்று வேஷம் மாறி, பள்ளிக்கூடத்தின் பின்னால் இருக்கும் ஓடு போட்ட அறைக்குப் போய்விடுவார். ரிசர்வ் படையின் தகவல் பிரிவு அங்கேதான். மொத்தம் பதினாலு பேர். கேப்டன் என்பவர் மற்ற நாட்களில் அதே பள்ளிக்கூடத்தின் கணக்கு வாத்தியார். பூட்டு ரிப்பேர் பார்க்கிற ஒருத்தர், பேக்கரி வைத்திருக்கிற ஒருத்தர், தபால்காரர், கண்ணாடிக் கடைக்காரர், இப்படி ஊரே கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளிப் போட்ட மாதிரி ஒரு படை. ரேடியோப் பெட்டிகளைத் துடைப்பார்கள், ஏரியல் கம்பம் நடுவார்கள், கற்பனையாகச் செய்தி அனுப்புவார்கள், பதில் வாங்குவார்கள், சாயங்காலம் டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

"என்னக்கா, இந்த வாரம் எந்த நாட்டைப் புடிச்சீங்க?" என்று திங்கட்கிழமை காலையில் கண்ணாடியைத் தட்டிக் கேட்பது ஒரு கண்டக்டரின் வழக்கம். முதல் பஸ்ஸில் போகிறவர். முப்பது வயசு, வாய் அறுபது வயசு.

"புடிச்ச நாட்டை உனக்கே எழுதி வச்சிருக்கேன். போய் டிக்கெட்டைக் கிழி."

"பீரங்கி சுடுவீங்களாக்கா?"

"உன்னைப் பாத்தா சுடலாம்னுதான் தோணுது."

மைக்கக்காவின் வீட்டுக்காரர் டயர் பஞ்சர் கடை வைத்திருந்தார். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால் எல்லையில் சண்டை மூண்டபோது, நிரந்தரப் படை எல்லாம் முன்னால் போய்விட, பின்னால் இருக்கிற தொலைபேசிக் கம்பியையும் காற்றில் போகிற செய்தியையும் காப்பாற்ற ரிசர்வ் ஆட்களைக் கூப்பிட்டார்கள். மைக்கக்கா நாற்பது நாள் ஒரு ரயில் கிடங்கில் உட்கார்ந்து செய்தி அனுப்பினார். எத்தனை போர்வை, எத்தனை ஜோடி பூட்ஸ், காயம்பட்டவர்களோடு வருகிற ரயில் எத்தனை மணிக்கு, எத்தனை ஸ்ட்ரெச்சர் தயாராக இருக்கணும். ஒரு துப்பாக்கிச் சத்தம்கூடக் காதில் விழவில்லை. திரும்பி வந்ததும் வீட்டுக்காரர், "என் பொண்டாட்டி போருக்குப் போயி போர்வை எண்ணிட்டு வந்தா" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். அந்த நாற்பது நாளும் அவர் ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனது பக்கத்துக் கடைக்காரருக்கு மட்டும் தெரியும்.

இந்தப் பிரிவில் ஒரு சட்டம் உண்டு. அது வந்ததற்குக் காரணமே மைக்கக்காதான். சேர்ந்த முதல் வருஷம், மைதானத்தில் பயிற்சி. கற்பனைச் செய்தி: அணை உடைந்தது, மக்கள் மேட்டுப் பகுதிக்குச் செல்லவும். இதை ரேடியோவில் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். மைக்கக்கா பஸ் நிலையக் குரலில் சொன்னார். மைதானச் சுவருக்கு அந்தப் பக்கம் சைக்கிளில் போன பால்காரர் காதில் அது விழுந்தது. அரை மணி நேரத்தில் இரண்டு தெரு சனம் குன்றின்மேல். மெத்தை, கோழி, தையல் மிஷின் எல்லாம் மேலே ஏறிவிட்டன. ஒருவர் பீரோவைத் தூக்க முடியாமல் அதன் கதவை மட்டும் கழற்றிக்கொண்டு போயிருந்தார். அணை பத்திரமாக இருந்தது. கேப்டனின் மானம்தான் உடைந்துபோனது.

அன்றிலிருந்து உத்தரவு: பயிற்சிச் செய்தி எதுவானாலும் தொடங்கும்முன் "பயிற்சி, பயிற்சி, பயிற்சி" என்று மூன்று தடவை சொல்லியே ஆகணும். மற்றவர்கள் சில நேரம் மறப்பார்கள். மைக்கக்கா பத்தொன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட மறக்கவில்லை. தூக்கத்தில் எழுப்பிச் செய்தி கொடுத்தாலும் அந்த மூன்றும் முதலில் வந்து நிற்கும். மற்ற நிலையங்களிலிருந்து வருகிறவர்களுக்கு கேப்டன் அவரைத்தான் கைகாட்டுவார். "அவங்களைப் பாத்துக் கத்துக்குங்க."

அந்தச் சனிக்கிழமை விடியும்போது பாலம் இல்லை.

மூன்று நாள் மழையில் ஆறு அதை எடுத்துக்கொண்டு போயிருந்தது. பாலத்தோடு சேர்ந்து தொலைபேசிக் கேபிளும் போனது. கரண்ட் போனதால் செல்போன் கோபுரங்களும் மூச்சை நிறுத்திவிட்டன. ஊரில் எல்லோர் கையிலும் செல்போன், எதிலும் உயிர் இல்லை. போன் செத்தால் கூப்பிடாமலே வந்து சேரணும் என்பது ரிசர்வ் ஆட்களின் இன்னொரு சட்டம். எட்டு மணிக்குள் ஓட்டு அறை வாசலில் பதினாலு பேரும் நின்றார்கள். கேப்டன் மேலே சீருடையும் கீழே லுங்கியுமாக வந்தார். அறைச் சாவி அவர் பையிலிருந்து வெள்ளத்தில் விழுந்துவிட்டிருந்தது.

"தள்ளுங்க சார்" என்றார் பூட்டுக்காரர். வளைந்த கம்பி இரண்டு, நாற்பது விநாடி. கதவு திறந்தது.

"இவ்ளோ சுலபமாய்யா நம்ம பூட்டு?" என்று கேப்டன் திடுக்கிட்டார்.

"நான் விக்கிற பூட்டுதான் சார். அதான்."

ஆளுக்கொரு இடம் பிரித்தார் கேப்டன். அவரே பள்ளிக்கூடத்தில். தபால்காரர் தபால் நிலையத்தில். பேக்கரிக்காரர் ஊருக்கு வெளியே கல் குவாரி மேட்டில். மைக்கக்காவும் பூட்டுக்காரரும் அரசு மருத்துவமனை மொட்டை மாடியில். எல்லோரும் ஒரே அலைவரிசையில் பேசணும். ஆற்றுக்கு அந்தப் பக்கம், பெரிய ஊரில், நிரந்தரப் படையின் தலைமை நிலையம். படகு, மருந்து, ஹெலிகாப்டர் எதுவானாலும் அங்கேதான் கேட்கணும்.

மருத்துவமனையின் தண்ணீர்த் தொட்டிமேல் ஏரியலைக் கட்டி, தகரக் கொட்டகைக்குக் கீழே பெட்டியை வைத்தார்கள். பேசுவது மைக்கக்கா, எழுதுவது பூட்டுக்காரர். போகிற வார்த்தை, வருகிற வார்த்தை ஒன்று விடாமல் நேரத்தோடு பதிவேட்டில் எழுதணும். பூட்டுக்காரர் எழுத்து முத்து முத்தாக இருக்கும். இருமினால் "இருமல்" என்றுகூட எழுதுவார்.

ஒன்பதே கால் மணிக்கு நர்சம்மா மாடிப்படி ஏறி வந்தார். பின்னாலேயே அந்தக் கண்டக்டர். மைக்கக்கா அவரைப் பார்த்ததும் வழக்கமான கிண்டலுக்குத் தயாரானார். அது வரவில்லை. கண்டக்டரின் முகம் மழையில் ஊறிய காகிதம் மாதிரி இருந்தது.

"நேத்து மத்தியானம் பொறந்துச்சுக்கா. பொண்ணு. ஏழு மாசம்தான் ஆவுது."

மீதியை நர்சம்மா சொன்னார். குறைமாதக் குழந்தைகள் நாலு பேர் கண்ணாடிப் பெட்டியில். அதில் கண்டக்டரின் குழந்தைக்கு மூச்சு மிஷின். எல்லாம் ஜெனரேட்டரில் ஓடுகிறது. டீசல் தொட்டியில் குச்சி விட்டுப் பார்த்தாயிற்று, சாயங்காலம் ஐந்து மணி வரைக்கும் வரும். வண்டிகளிலிருந்து உறிஞ்சி எடுத்தும் அவ்வளவுதான். பஸ் டிப்போ மொத்தமும் இடுப்பளவு தண்ணீரில் கிடக்கிறது.

"அஞ்சுக்கு அப்புறம்?" என்று கேட்டார் மைக்கக்கா.

"கையால பை அமுக்கி மூச்சு குடுக்கலாம். கொஞ்ச நேரம். அதை ராத்திரி முழுக்கச் செய்ய முடியாதும்மா" என்றார் நர்சம்மா.

மைக்கக்கா செய்தித் தாளை எடுத்து எழுதினார். அவசரம். மருத்துவமனை டீசல் மாலை ஐந்து வரை. மூச்சு மிஷினில் ஒரு குழந்தை, கண்ணாடிப் பெட்டியில் நான்கு. நானூறு லிட்டர் தேவை. அதற்கு முன்னால் அனுப்பிய ஆறும் "கேக்குதா, கேக்குது" ரகம். முறையான முதல் செய்தி இதுதான், எண் ஏழு. பத்தொன்பது வருஷத்தில் அந்த ஊரிலிருந்து அவர் அனுப்பும் முதல் உண்மைச் செய்தியும் இதுதான்.

நேரம் ஒன்பது நாற்பது. முதுகை நிமிர்த்தி, தொண்டையைச் செருமி, ஒலிவாங்கியின் பட்டனை அமுக்கி, ஒரு தடங்கல் இல்லாமல் சொல்லி முடித்தார். தலைமை நிலையத்திலிருந்து ஓர் இளைஞர் குரல் எண்களைத் திருப்பிப் படித்தது. நானூறு, ஐந்து மணி, ஒன்று, நான்கு. எல்லாம் சரி. "செய்தி கிடைத்தது."

"போயிடுச்சு தம்பி. தைரியமா கீழ போ" என்றார் மைக்கக்கா.

கண்டக்டர் கைகூப்பிவிட்டு இறங்கினார். மைக்கக்காவுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பத்து மணி, பதினொன்று. பதில் இல்லை. அலைவரிசையில் ஒரே கூட்டம். அது போதாதென்று, வேறு மாவட்டங்களில் அந்த வாரம் ஆண்டுப் பயிற்சி. இங்கே வெள்ளம் என்று தெரியாமல் அவர்கள் பாட்டுக்குக் கற்பனைப் பாலத்தை உடைத்துக்கொண்டிருந்தார்கள். பதினொரு மணிக்குத்தான் தலைமை நிலையம் அதட்டிப் பயிற்சியை நிறுத்தியது. மைக்கக்கா இரண்டு தடவை கேட்டுப் பார்த்தார். "அவசரச் செய்தி நெறைய இருக்கு. நேர வரிசைப்படி பாக்கறோம், காத்திருங்க" என்றது அந்தக் குரல். அந்த இளைஞர் கழுத்தையும் முப்பது ஊர் பிடித்துக்கொண்டிருக்கும், பாவம்.

பன்னிரண்டு இருபதுக்கு மைக்கக்கா பதிவேட்டை இழுத்து, தான் அனுப்பிய நேரம் சரிதானா என்று பார்த்தார். பூட்டுக்காரரின் முத்தான எழுத்தில் இருந்தது: "9.40. எண் ஏழு. பயிற்சி, பயிற்சி, பயிற்சி. அவசரம். மருத்துவமனை டீசல்..."

வரியை விரலால் தொட்டுப் பார்த்தார். தொட்டால் அழிந்துவிடுமா என்ன?

"இதை நானா சொன்னேன்?"

"நீங்க சொன்னீங்க, நான் எழுதினேன்" என்றார் பூட்டுக்காரர். சொல்லி முடித்த பிறகுதான் அது அவருக்கும் உறைத்தது. பேனா கையிலிருந்து விழுந்தது. பதினெட்டு வருஷமாக அவர் எழுதிய எல்லாச் செய்திக்கும் அதுதானே தலை. கை எழுதிவிட்டது, கண் கவனிக்கவில்லை. சொன்ன வாய்க்கே தெரியவில்லை, எழுதிய கையைக் குறை சொல்லி என்ன.

தலைமை நிலையத்தில் பயிற்சிச் செய்திக்கு ஒரு பச்சைத் தட்டு உண்டு. படித்து, திருப்பிச் சொல்லி, அதில் போட்டுவிடுவார்கள். அதற்குப் பதில் கிடையாது. டீசலுக்காக யாரும் எழுந்திருக்கக்கூட இல்லை.

மைக்கக்கா பதிவேட்டைக் கீழே வைத்தார். கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, இப்போ எட்டுன்னு புதுசா ஒண்ணு அனுப்பிடுங்க" என்றார் பூட்டுக்காரர், குரலைத் தாழ்த்தி. "ஏழாம் நம்பரைப் பத்தி யாருக்கும் தெரியப் போறதில்ல. அடுத்த மாசம் உங்களுக்கு மூணாவது பட்டை வேற."

"புதுசா அனுப்பினா நேரம் பன்னெண்டரைன்னு ஆகும். வரிசையில கடைசி. ஏழாம் நம்பரைத் திருத்தினாதான் ஒம்பது நாப்பது நிக்கும்."

"எல்லாரும் கேப்பாங்கக்கா. கேப்டனும் கேப்பார்."

"கேக்கட்டும்."

பட்டனை அமுக்கினார். பஸ் நிலையக் குரல் வரவில்லை. அவருக்கே பழக்கமில்லாத ஒரு சின்னக் குரல் வந்தது.

"எல்லா நிலையங்களுக்கும், மருத்துவமனை நிலையம். என் எண் ஏழு, பயிற்சி அல்ல. திரும்பச் சொல்றேன், பயிற்சி அல்ல. பழக்க தோஷத்துல நான் பயிற்சின்னு சொல்லிட்டேன். தப்பு என்னோடது. செய்தி உண்மை. ஒரு குழந்தை மூச்சு மிஷின்ல இருக்கு. டீசல் அஞ்சு மணி வரைக்கும்தான்."

அலைவரிசை அப்படியே அடங்கியது. காலையிலிருந்து ஒரு விநாடிகூட ஓயாத அது, அப்போதுதான் முதல் முறையாக ஓய்ந்தது. மைக்கக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

முதலில் வந்தது கேப்டன் குரல். "மருத்துவமனை, பள்ளிக்கூட நிலையம். கேட்டது. வேலையைப் பாருங்க." அவ்வளவுதான். அந்தத் தவறுக்காக மூன்றாவது பட்டை ஒரு வருஷம் தள்ளிப்போனது. தள்ளிப்போட்டு அறிக்கை எழுதியவரும் கேப்டன்தான். ஆனால் அதே அறிக்கையில், தன் தவறை அத்தனை பேர் காதுபடச் சொல்ல எனக்குத் தைரியம் இருந்திருக்காது என்றும் எழுதியிருந்தார். மைக்கக்கா அந்தத் தாளின் நகலைப் பட்டையைவிடப் பத்திரமாக வைத்திருக்கிறார். அது பின்னால் நடந்தது.

தலைமை நிலையம் பச்சைத் தட்டை ஏற்கெனவே மூட்டை கட்டியிருந்தது. அந்த இளைஞர் மூட்டையைப் பிரித்துத் தேடும் சரசரப்பு ரேடியோவிலேயே கேட்டது. "கிடைச்சுது. ஒம்பது நாப்பது. வரிசையில முதல்ல வச்சாச்சு. ஆனா ஆத்து வேகத்துக்குப் படகு சுத்தித்தான் வரணும். ஆறரை ஆயிடும்."

ஆறரை. ஐந்துக்கும் ஆறரைக்கும் நடுவில் ஒன்றரை மணி நேரம். ஒன்பது நாற்பதுக்கே புரிந்திருந்தால் படகு ஐந்துக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருக்கும். இந்தக் கணக்கைப் போட வாத்தியார் தேவையில்லை.

அப்போது ஒரு குரல் அனுமதி கேட்காமல் உள்ளே புகுந்தது. "குவாரி நிலையம் குறுக்கிடுது. அக்கா, நான்தான், பேக்கரி. இங்க பாறை ஒடைக்கிற மிஷினுக்கு ரெண்டு பீப்பாய் டீசல் வச்சிருக்காங்க. ரெண்டும் முழுசா இருக்கு."

மைக்கக்கா பட்டனை அமுக்கினார். "காலையிலேருந்து அங்கதானே இருந்தீங்க?"

"இருந்தேன்கா. ஏழாம் நம்பரு காதுல விழுந்தது. பயிற்சின்னு கேட்டதும் வேற மாவட்டத்துக்காரங்க வெளையாட்டுன்னு விட்டுட்டேன். ஏரியல் கம்பத்தைக் கட்டிப் புடிச்சிட்டு நின்னதுல யாரு குரல்னுகூடப் பிரிச்சுப் பாக்கல. என்னையும் நாலு சாத்துங்க."

ஒரு வார்த்தை பதிமூன்று பேர் காதையும் மூடியிருந்தது. இன்னொரு வார்த்தை திறந்துவிட்டது. தலைமை நிலையத்தை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்த மைக்கக்காவுக்கு, ஆறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற டீசல் அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

குவாரிக்காரர்கள் டிராக்டர் தருவார்கள். ஆனால் வழியில் சின்னப் பாலம் ஒன்று உடைந்திருக்கிறது. டிராக்டர் அது வரைக்கும்தான். அங்கிருந்து மருத்துவமனைக்கு ஒரு கிலோமீட்டர் கையால்தான் சுமக்கணும்.

"ரெண்டு நிமிஷம் நீங்க பாத்துக்குங்க" என்று பூட்டுக்காரரிடம் ஒலிவாங்கியைக் கொடுத்துவிட்டு மைக்கக்கா கீழே ஓடினார்.

குழந்தைகள் வார்டின் கதவுக்கு வெளியே, சுவரில் தலையைச் சாய்த்துக் கண்டக்டர் உட்கார்ந்திருந்தார். மைக்கக்காவைப் பார்த்ததும் எழுந்தார்.

"வந்துடுச்சாக்கா?"

நல்ல சேதியை முதலில் சொல்லியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. "தம்பி, காலையில நான் அனுப்பின சேதி போய்ச் சேரல. நான்தான் தப்பா சொல்லிட்டேன். பயிற்சின்னு சொல்லிட்டேன். அவங்க ஓரமா வச்சுட்டாங்க."

கண்டக்டர் அவரையே பார்த்தார். "எவ்ளோ நேரம் போச்சு?"

"ரெண்டே முக்கா மணி நேரம்."

அந்த நடைபாதையில் அவர் கத்தியிருந்தால் யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள். மைக்கக்காவும் அதற்குத்தான் தயாராக நின்றார். கண்டக்டர் வார்டின் கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"இப்போ சரியா சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன். குவாரியில டீசல் இருக்கு. கையால சுமக்கணும்."

"அப்போ நான் போறேன். எத்தனை பேரு வேணும்?"

இதற்குத்தான் மைக்கக்கா இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறார். குழந்தை பிழைத்ததற்குக்கூட அப்புறம்தான்.

கண்டக்டர் மருத்துவமனை முழுவதும் நடந்தார். கூட்டம் சேர்ப்பது அவர் தொழில். நோயாளிக்குத் துணைக்கு வந்தவர்கள், சமையல்கட்டு ஆட்கள், கையில் கட்டுப் போட்ட ஒருவர்கூட ("இந்தக் கை நல்லாத்தானே இருக்கு"), இருபத்தாறு பேர் கிளம்பினார்கள். வார்டில் இருந்த குடிதண்ணீர்க் கேன் அத்தனையும் காலி செய்து கவிழ்த்துத் துடைத்து எடுத்துக்கொண்டார்கள்.

பெட்டியை விட்டு நகரக் கூடாது என்பதால் மைக்கக்கா எல்லாவற்றையும் மாடியிலிருந்துதான் பார்த்தார். பேக்கரிக்காரர் குவாரியிலிருந்து நிமிஷத்துக்கு நிமிஷம் சேதி சொன்னார். டிராக்டர் கிளம்பியது. டிராக்டர் சேற்றில் மாட்டியது. கேப்டன் பள்ளிக்கூடத்திலிருந்து பலகை அனுப்பினார். டிராக்டர் மீண்டது. மூன்றரை மணிக்கு, சின்னப் பாலத்தின் இடுக்கில், முழங்கால் தண்ணீரில் ஒரு மனிதக் கோடு நின்றது. கேன் கை மாறிக் கை மாறி வந்தது. தூரத்துக்கு எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. மெதுவாக ஊர்கிற எறும்பு. மைக்கக்கா தன்னையறியாமல் மாடிச் சுவரைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

நான்கு மணிக்கு நர்சம்மா குழந்தைகள் அறையைத் தவிர எல்லா விளக்கையும் மின்விசிறியையும் அணைக்கச் சொன்னார். குச்சி விட்டுப் பார்த்த கணக்கு கொஞ்சம் ஏமாற்றிவிட்டது. நான்கு நாற்பத்தொன்றுக்கு ஜெனரேட்டர் இரண்டு தடவை குலுங்கி நின்றது.

எப்போதும் எரிச்சலூட்டும் அந்தச் சத்தம் நின்றதும் மொட்டை மாடியில் காற்று மட்டும் கேட்டது. கீழே நர்சம்மா இரண்டு விரலால் சின்னப் பையை அமுக்கத் தொடங்கியிருப்பார். அமுக்கு, விடு. அமுக்கு, விடு. பூட்டுக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, "ஒரு நிமிஷம்... ரெண்டு..." என்றார்.

"எண்ணாதீங்கண்ணே" என்றார் மைக்கக்கா.

மருத்துவமனை வாசலில் கண்டக்டர் தெரிந்தார். இரண்டு கையிலும் இரண்டு கேன். ஒரு கால் செருப்பு இல்லை. ஓடுகிறாரா, விழுகிறாரா என்று சொல்ல முடியாத நடை. அவருக்குப் பின்னால் கட்டுப்போட்ட கைக்காரர் ஒற்றைக் கையில் இன்னொன்று. கட்டடத்தின் மூலைக்குப் பின்னால் மறைந்தார்கள். அப்புறம் ஒன்றும் தெரியவில்லை. ஒரு இருமல். இன்னொரு இருமல். மூன்றாவதில் ஜெனரேட்டர் பிடித்துக்கொண்டு அலறியது.

மைக்கக்கா அந்தத் தகரக் கொட்டகைக்குக் கீழே அப்படியே உட்கார்ந்துவிட்டார். பூட்டுக்காரர் தன் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார். பாதித் தண்ணீர் மைக்கக்காவின் சீருடையில்தான் கொட்டியது.

ஐந்தே காலுக்குக் கண்டக்டர் மாடிக்கு வந்தார். தொடை வரைக்கும் சேறு, மேலெல்லாம் டீசல் நாற்றம்.

"அக்கா, நர்சம்மா உள்ள விட்டாங்க. பாத்துட்டேன்." மூச்சு வாங்கினார். "அந்தக் குவாரியிலேருந்து சேதி சொன்னவர்கிட்ட ஒரு வார்த்தை பேசணும்கா."

அலைவரிசையில் சொந்தப் பேச்சு கூடாது. மைக்கக்கா தலைமை நிலையத்தைக் கேட்டார்.

"யார் பேசறாங்க?" என்றது அந்த இளைஞர் குரல்.

"எண் ஏழு. குழந்தையோட அப்பா."

பதில் வந்தது. "ஒரு நிமிஷம் பேசலாம்."

கண்டக்டர் ஒலிவாங்கியை வாங்கி, பட்டனை இறுக்கி அமுக்கினார். தினமும் அறுபது பேருக்கு நடுவே "உள்ள போங்க, உள்ள போங்க" என்று கத்துகிற தொண்டை. "அண்ணே" என்றார். "பாப்பா மூச்சு விடுதுண்ணே" என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் அழுகைதான் வந்தது.

பட்டனை விடவே இல்லை. ஒருவர் அமுக்கிக்கொண்டிருக்கும் வரைக்கும் மற்ற யாரும் பேச முடியாது, கேட்கத்தான் முடியும். பள்ளிக்கூடம், தபால் நிலையம், குவாரி, ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தலைமை நிலையம், எல்லா இடத்திலும் ஒரு மனுஷனின் அழுகையும் மொட்டை மாடிக் காற்றும் மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தன. பூட்டுக்காரர் மெல்லக் கையை நீட்டினார், ஒலிவாங்கியை வாங்கிவிடலாம் என்று. மைக்கக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். ஒரு நிமிஷம் எப்போதோ முடிந்திருந்தது.

கடைசியில் அவராகவே விட்டார்.

பிறகு பேக்கரிக்காரர் செருமினார். "கேட்டுச்சு தம்பி. எடை எவ்ளோ?"

"ஒண்ணேகா கிலோ."

"எங்க கடைப் பெரிய ரொட்டியே அவ்ளோ வரும்ப்பா. சூட்டுலயே இருக்கட்டும். அவசரப்பட்டு வெளிய எடுக்கச் சொல்லாதீங்க. பொறுமையா இருந்தா நல்லா உப்பி வரும்."

அழுத முகத்தோடு கண்டக்டர் சிரித்துவிட்டார். எங்கோ ஒரு நிலையத்தில் இன்னொருவரும் சிரித்தார், அது கேப்டன் மாதிரிதான் இருந்தது. தலைமை நிலையம், "முடிஞ்சுதா? வரிசையில செய்தி நிக்குது" என்றது. அந்தக் குரலும் சரியாக இல்லை.

ஒலிவாங்கி ஈரமாக, டீசல் வாசனையோடு மைக்கக்காவின் கைக்குத் திரும்பியது. பேக்கரிக்காரர் சொன்னதை வார்த்தை மாறாமல் பெண்டாட்டியிடம் சொல்வதற்காக, கண்டக்டர் இரண்டிரண்டு படியாகத் தாவிக் கீழே ஓடினார்.